இறாலுக்கு ஏத்த வெளிச்சம்

வாங்க தம்பி, வாங்க. கன்னியப்பன் வீடு இதேதான். செருப்பை வெளியிலயே விட்டுடுங்க. படி ஒண்ணு இறங்கணும், பார்த்து. மீன்தொட்டிக் கடை சலீம் போன் பண்ணிட்டார். அண்ணே, ஒரு தம்பி வருவார், புதுசா இறால் வளர்க்கணுங்கறார், கடையில நின்னு பேச எனக்கு நேரமில்ல, நீங்க நாலு வார்த்தை சொல்லி, கொஞ்சம் குட்டியும் குடுத்து அனுப்புங்கன்னார். அட, அந்த சுவிட்சுல கை வைக்காதீங்க! கறுப்பு டேப்பு ஒட்டியிருக்குல்ல? போடக் கூடாதுன்னுதான் ஒட்டியிருக்கு. அப்படியே நேரா வாங்க. கொஞ்ச நேரத்துல கண்ணு பழகிடும். சமையல்கட்டு வாசலாண்ட ஒரு நாற்காலி கிடக்கும், அதுல உட்காருங்க. அங்கேருந்து பார்த்தாத்தான் டேங்க் நல்லாத் தெரியும்.

தெரியுதா? அந்தச் செடிக்குக் கீழ பாருங்க. சிவப்பா, நகத்தளவு. முதல்ல ஒண்ணு ரெண்டுதான் கண்ணுல படும். ஆடாம அசையாம உட்கார்ந்தீங்கன்னா ஒண்ணொண்ணா வெளிய வரும். அதுங்களும் உங்களைப் பார்த்துட்டுத்தானே வரணும்.

என்ன கேட்டீங்க? எந்த லைட் வாங்கணும்னா? நல்ல கேள்வி தம்பி. எல்லாரும் முதல்ல இறாலை வாங்குவாங்க, அது செத்தப்புறம் வந்து லைட்டைப் பத்திக் கேப்பாங்க. நீங்க முன்னாடியே கேக்கறீங்க. நாம என்ன பண்றோம், நமக்குத் தெரியணும்னு லைட் வாங்கறோம். அதுதான் தப்பு. உள்ள இருக்கிற உசுருக்கு எது ஒத்துக்கும்னு பார்த்து வாங்கணும். வெளிச்சங்கிறது சாதாரண விஷயமில்ல. என் பொண்ணையே எடுத்துக்குங்க. சுகந்தின்னு பேரு, ஒரே பொண்ணு, ஆவடியில கட்டிக் குடுத்திருக்கு. அவ அம்மா காரியத்துல கிளம்பிப் போனவ, இன்னிவரைக்கும் இந்த வாசப்படி மிதிக்கல. எதுக்குன்னு நினைக்கிறீங்க? லைட்டுக்காக. சொன்னா சிரிப்பீங்க. அம்மாவோட வருஷ திவசம் அடுத்த மாசம் வருது, அதுக்காவது வருவாளான்னு தெரியல. பேத்தியை நான் பார்த்தே எவ்வளவு நாளாச்சு. சரி, அதுக்கு அப்புறம் வர்றேன். முதல்ல லைட்.

நான் ரயில்வேயில சிக்னல் பிரிவுல இருந்தவன். வேலைக்குச் சேர்ந்ததுலேருந்து ரிட்டயர்டு ஆற வரைக்கும் வெளிச்சம்தான் என் பொழப்பு. அத்தனை தூரத்துல வர்ற டிரைவர் கண்ணுக்கு விளக்கு தெரியணும். மழையில தெரியணும், பனியில தெரியணும், வெயில் எதிர்ல அடிச்சாலும் தெரியணும். ஒரு பல்பு லேசா மங்கினாலும் நான் கண்டுபிடிச்சுடுவேன். கன்னியப்பன் லைன்ல இருந்தா நிம்மதியாத் தூங்கலாம்னு எங்க இன்ஜினீயர் சொல்லுவார். கண்ணு டெஸ்ட்ல கடைசி வரைக்கும் ஒரு குறை சொன்னது கிடையாது. இப்பவும் கண்ணாடி போடாம பேப்பர் படிப்பேன்.

அப்படிப்பட்ட நானே முதல்ல ஏமாந்தேன்னா பார்த்துக்குங்க. டேங்க் வாங்கின புதுசுல நல்ல பளிச்சுனு வெள்ளை எல்இடி ஒண்ணு வாங்கி மாட்டினேன். ஹால் முழுக்க வெளிச்சம். மரகதத்துக்கு ரொம்பப் பிடிச்சுது. மரகதம் என் வீட்டுக்காரி. கல்யாண வீடு மாதிரி இருக்குதுங்கன்னா. ஆனா இறால் ஒண்ணு கூட வெளிய வரல. எல்லாம் ஸ்பாஞ்ச் ஃபில்டருக்குப் பின்னால போய் ஒடுங்கிக்கிச்சு. சிவப்பு நிறம் வெளுத்து, தண்ணி கலந்த பால் மாதிரி ஆயிடுச்சு. கண்ணாடியெல்லாம் பச்சைப் பாசி. நான் கவலைப்பட்டு சலீமைக் கேட்டேன். அவர் சொன்னார், அண்ணே, மூலையில ஒதுங்குதுன்னா அதுக்கு ஏதோ ஒத்துக்கலன்னு அர்த்தம், நிறம் மாறுதுன்னா பயந்துருக்குதுன்னு அர்த்தம், அது வாயைத் திறந்து சொல்லாது, நீங்கதான் பார்த்துப் புரிஞ்சுக்கணும்னு. அன்னையிலேருந்து நான் பார்க்க ஆரம்பிச்சேன். மணிக்கணக்கா உட்கார்ந்து பார்ப்பேன். எது சாப்பிடுது, எது சாப்பிடல, எது நடக்கும்போது தடுமாறுது, எல்லாம் எனக்கு அத்துப்படி.

அப்புறம்தான் இந்த லைட் வாங்கினது. சின்னது, சக்தி கம்மி. ஆனா ஒரு விசேஷம், சிவப்பை அப்படியே எடுத்துக் காட்டும். எல்லா எல்இடியும் காட்டாது தம்பி. மலிவு லைட்டுல சிவப்பு செங்கல் மாதிரி தெரியும். இதுல ரத்தச் சிவப்பாத் தெரியும். தேடித் தேடி வாங்கினேன். அதுக்கும் மேல பட்டர் பேப்பர் ஒண்ணு ஒட்டி மட்டுப்படுத்தினேன். தண்ணி மேல மிதக்கிற செடி கொஞ்சம் விட்டேன். மரத்தடியில விழற வெளிச்சம் மாதிரி ஆயிடுச்சு. நம்ப மாட்டீங்க, ஒரே வாரத்துல எல்லாம் வெளிய வந்துடுச்சு. நிறமும் திரும்பிடுச்சு. ஒரு தாய் முட்டை சுமந்துக்கிட்டு நடுவுல வந்து நிக்குது, என்னவோ ராணி மாதிரி.

ஆனா பாருங்க, ஹால் டியூப்லைட்டை யாராவது டபக்குன்னு போட்டா அத்தனையும் துள்ளி ஓடும். இறாலுக்குத் திடீர் வெளிச்சம் ஆகாது. ஓட்டை உரிச்சுப் போட்டிருக்கிற நேரத்துல துள்ளி கல்லுல மோதினா அவ்வளவுதான், உடம்பு பஞ்சு மாதிரி இருக்கும். மரகதம் எழுந்து வரும்போதெல்லாம் சுவிட்சைப் போடுவா. எத்தனை தடவை சொல்றது? கடைசியில டேப்பை எடுத்து சுவிட்சு மேல ஒட்டிட்டேன். ஜன்னலுக்குக் கனமா ஒரு திரை போட்டேன், வெயில் பட்டா பாசி பிடிக்குதுல்ல. அதுக்கப்புறம்தான் இந்த ஹால் ஒரு ஒழுங்குக்கு வந்துச்சு.

அவ சொல்லாம இல்ல. எனக்குக் கண்ணு தெரியலைங்க, நடக்க பயமா இருக்குதுங்கன்னு சொன்னா. எல்லாம் பழகிடும்னேன். இறாலையே மெதுவாப் பழக்கினா எந்தத் தண்ணியிலும் இருக்கும், மனுஷன் இருக்க மாட்டானா? அவ சிரிச்சுக்கிட்டே சொல்லுவா, உங்க இறாலுக்கு வாய்ச்ச மாமியார் வீடு எனக்கு வாய்க்கலியேன்னு. நல்லாப் பேசுவா தம்பி. வாய் ஜாஸ்தி, ஆனா மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டா. நான் சொன்ன மாதிரியே பழகியும் போச்சு. கொஞ்ச நாள்ல டியூப்லைட்டைப் பத்திப் பேசறதையே விட்டுட்டா. படுக்கையறையிலேருந்து சமையல்கட்டுக்கு இந்த ஹாலைத் தாண்டித்தான் போகணும், விறுவிறுன்னு போவா, வருவா. பார்த்தியா, நான் சொல்லலியான்னேன்.

இன்னும் கேளுங்க. அவளுக்கு இதுங்க மேல ஆசையே வந்துடுச்சு. ஆமா. நான் என் வாழ்க்கையில செஞ்ச எதையும் எட்டிக் கூடப் பார்க்காதவ. ரேடியோ ரிப்பேர் பண்ணுவேன் ஒரு காலத்துல, ஓட்டை உடைசலைக் கொண்டாந்து சேர்க்கிறேன்னு திட்டுவா. ஆனா இந்த டேங்க் பக்கத்துல தானா வந்து உட்கார ஆரம்பிச்சா. சாயங்காலம் டேங்க் லைட்டைப் போட்டதும் முறத்துல அரிசியை எடுத்துக்கிட்டு வந்து, டேங்க்கை ஒட்டி ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்துக்குவா. கல்லு பொறுக்கறது, கீரை ஆயறது, பூ கட்டறது, ரவிக்கைக்குக் கொக்கி வைக்கிறது, எல்லாம் இங்கதான். கண்ணாடியில மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்ட உட்காருவா. நான் நாற்காலியில இருப்பேன், அவ தரையில இருப்பா. நான் ஒண்ணொண்ணாச் சொல்லுவேன், இது ஆண், இது பொண்ணு, இது இப்பத்தான் ஓடு உரிச்சுதுன்னு. அவ ம், ம்னு கேட்டுக்கிட்டே அரிசியைத் தடவிக்கிட்டிருப்பா. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல நாங்க அப்படிச் சேர்ந்து உட்கார்ந்ததே கிடையாது தம்பி. எனக்கு ஷிப்டு, அவளுக்கு வீட்டு வேலை. அந்தச் சாயங்காலங்களை இப்பவும் நினைச்சுக்குவேன். நான் சந்தோஷமா இருந்தது அப்பத்தான்.

ஒரு நாள் சொல்றா, ஏங்க, இந்தச் சிவப்பு இறால் ரொம்பப் பெருசா வளர்ந்துடுச்சுங்க, நகரவே மாட்டேங்குதேன்னு. எங்கடின்னு பார்த்தா, கண்ணாடியில ஒட்டியிருக்கிற தெர்மாமீட்டரைக் காட்டறா! அதோ பாருங்க, அதோட அடியில சிவப்பா இருக்குல்ல, அதை. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். சலீம்கிட்டச் சொன்னேன், மார்க்கெட்ல காய்க்காரம்மாகிட்டக் கூடச் சொன்னேன். மரகதமும் சேர்ந்துதான் சிரிச்சா.

வயசாச்சில்ல, கவனம் குறைஞ்சு போச்சு அவளுக்கு. சோத்துல கல்லு வர ஆரம்பிச்சுது. அதுக்கு முன்னாடி அவ கையில சாப்பிட்டு ஒரு நாள் கூடப் பல்லுல கல்லு கடிபட்டது கிடையாது. இங்க உட்கார்ந்து இறாலைப் பார்த்துக்கிட்டே பொறுக்கினா கல்லு எப்படிக் கண்ணுல படும்? அதைச் சொல்லித் திட்டினேன். ஒரு நாள் காபியில உப்பைப் போட்டுட்டா. வாசல்ல கோலம் போட்டா கோடு எங்கேயோ போகுது. ஊசியில நூல் கோத்துக் குடுங்கன்னு என்கிட்ட நீட்டுவா. ஒரு தடவை எதிர்வீட்டுப் பொண்ணு நேர்ல வந்து சிரிக்குது, இவ யாரோன்னு போறா. அந்தப் பொண்ணு என்கிட்ட வந்து, அம்மாவுக்கு எங்க மேல ஏதாவது வருத்தமான்னு கேக்குது. கொஞ்சம் தலைக்கனம் வந்துடுச்சு போலன்னு நான்தான் சமாளிச்சேன்.

சுகந்தி போன்ல நச்சரிப்பா. அப்பா, அம்மாவுக்குக் கண்ணுல புரை வந்திருக்கு, கூட்டிட்டுப் போய்க் காட்டுங்கப்பான்னு. எனக்குத் தெரியாதா? டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டியாச்சு. புரைதான்னார், எடுத்துடலாம்னார். எல்லாருக்கும் வர்றதுதானே. எங்க அம்மாவுக்கும் வந்துச்சு. புரை நல்லா முத்தினப்புறம் எடுத்தாத்தான் சுத்தமா வரும்னு எங்க பக்கத்துல சொல்லுவாங்க. டாக்டர் அதெல்லாம் பழைய காலம்னார். அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. சரின்னு பார்த்தா பங்குனி வந்துடுச்சு. வெயில் காலத்துல யாராவது கண்ணு ஆபரேஷன் பண்ணிக்குவாங்களா? வேர்வை இறங்கினா என்ன ஆகும்? ஐப்பசியில பார்த்துக்கலாம்னேன். மரகதமும் சரின்னுதான் சொன்னா. இன்னொண்ணு, வெயில் காலத்துல இந்த டேங்க்கை விட்டு நான் நகர முடியாது தம்பி. தண்ணி சூடேறினா ஒரே மத்தியானத்துல எல்லாம் போயிடும். ஃபேன் போட்டு விடணும், ஐஸ் வெச்ச பாட்டிலை மிதக்க விடணும், மாத்தணும். ஆஸ்பத்திரியில நான் உட்கார்ந்திருந்தா இதை யார் பார்ப்பாங்க?

உங்க டேங்க்கை எங்க வைக்கப் போறீங்க? ஹால்லயா? நல்லது. ஹால்ல யாரும் படுக்க மாட்டாங்களே? அம்மாவா? ஓ. பரவாயில்ல, பரவாயில்ல. சொல்றேன்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன், இதைக் கவனமாக் கேட்டுக்குங்க. எவ்வளவு மட்டுப்படுத்தினாலும் பாசி திரும்பத் திரும்ப வந்துச்சு. சலீம் ஒரு வழி சொன்னார். காலையில கொஞ்ச நேரம் லைட், மத்தியானத்துலேருந்து சாயங்காலம் வரைக்கும் அணைச்சு வைக்கணும், அப்புறம் விளக்கு வெச்சப்புறம் திரும்பக் கொஞ்ச நேரம். நடுவுல இருட்டாக்கிட்டா பாசிக்கு வளரத் தெம்பு இருக்காது. டைமர் வாங்கி மாட்டினேன், அதோ சுவத்துல இருக்குது பாருங்க. அதோட டேங்க்கையும் ஜன்னல் பக்கத்துலேருந்து எடுத்து எதிர் சுவத்துக்கு மாத்தினேன். திரை போட்டும் ஓரத்துல வெயில் கசிஞ்சுது. மத்தியானம் சாப்பிட்டுட்டு மரகதம் உள்ள படுத்திருந்தா. எழுப்ப வேண்டாம்னு தண்ணியைப் பாதி இறைச்சு, ஸ்டாண்டோட மெதுவா இழுத்து, அதே தண்ணியைத் திரும்ப விட்டு, ஒத்தையாளா மாத்தினேன். இந்த வயசுல. இப்ப நீங்க பார்க்கறீங்களே, இதே இடம்தான். பாருங்க, பாசி இருக்கா? ஒரு பொட்டு இருக்காது.

அன்னைக்குச் சாயங்காலம்தான் அவ விழுந்தது.

விளக்கு வைக்கிற நேரம். சாமி மாடம் சமையல்கட்டுல இருக்கு. விளக்கேத்தறதுக்காக எழுந்து வந்திருக்கா. நான் பின்பக்கம் குழாயடியில ஸ்பாஞ்சைப் பிழிஞ்சுக்கிட்டிருந்தேன். டமார்னு சத்தம். ஓடி வந்தேன். நல்ல வேளை, டேங்க் சாயல. ஸ்டாண்டு முனையில முட்டிக்கிட்டு மல்லாக்க விழுந்திருக்கா. டேங்க் தளும்பித் தண்ணி கொட்டியிருக்கு. ஹால் இருட்டு. டைமர் வர இன்னும் நேரம் இருக்கு.

லைட்டைப் போட்டீங்களான்னு சுகந்தி கேட்டா. என்னவோ போலீஸ் விசாரணை மாதிரி. எப்படிப் போடறது? அன்னைக்குத்தான் இடம் மாத்தியிருக்கேன், அதுங்க ஏற்கெனவே மிரண்டு கிடக்குது, இதுல டேங்க் வேற ஆடியிருக்கு. என்கிட்ட ஒரு டார்ச் இருக்கு, முகப்புல சிவப்புக் கண்ணாடித்தாள் சுத்தினது. இறாலுக்குச் சிவப்பு வெளிச்சம் தெரியாது, அதனால இருட்டுல பார்க்கறதுக்குன்னு நானே செஞ்சது. அதை எடுத்து அடிச்சுப் பார்த்தேன். முழிச்சுத்தான் இருந்தா. என்னடி, எங்க அடின்னேன். ஒண்ணும் இல்லைங்க, மண்டையில லேசா இடிச்சுதுன்னா. தடவிப் பார்த்தேன், ஈரமா இருந்துச்சு. தரையெல்லாம்தான் ஈரம். டேங்க் தண்ணி கொட்டியிருக்கே. டார்ச்சுல பார்த்தாலும் தண்ணி மாதிரிதான் தெரிஞ்சுது. சிவப்பு வெளிச்சத்துல சிவப்பு தெரியாது தம்பி. இது வேலையில சேர்ந்த முதல் வாரமே எங்களுக்குச் சொல்லித் தர்றது.

பாயை இழுத்துப் போட்டு, கொஞ்ச நேரம் படுன்னேன். விளக்கு வைக்கிற நேரத்துல படுக்கக் கூடாதுங்க, விளக்கேத்தணும்னா. அப்புறம் ஏத்திக்கலாம் படுன்னேன். சரின்னுட்டா. பிடிவாதம் பிடிக்கவே தெரியாது அவளுக்கு. நான் டேங்க்கைப் பார்த்தேன். கால் டேங்க் தண்ணி போயிருக்கு. இங்க ஒரு பாடம் சொல்றேன், எழுதி வெச்சுக்குங்க. தண்ணி குறைஞ்சா மொத்தமா எடுத்து ஊத்தக் கூடாது. மெல்லிசுக் குழாய்ல ஒரு முடிச்சுப் போட்டு, சொட்டுச் சொட்டா விடணும். அவசரப்பட்டா அத்தனையும் செத்துடும். நான் அவசரப்படல. பக்கத்துலயே உட்கார்ந்து விட்டேன். மரகதம் நடுவுல ஏதோ கேட்டா. ஏங்க, விளக்கு ஏத்திட்டீங்களான்னு கேட்ட மாதிரி இருந்துச்சு. ம்னேன். அப்புறம் ஒண்ணும் பேசல. தூங்கிட்டான்னு நினைச்சேன்.

அப்புறம் டைமர் டக்குன்னு விழுந்துச்சு. லைட் வந்துச்சு.

சொன்னேனே, இந்த லைட்டுல சிவப்பு நல்லாத் தெரியும்னு.

பாய் முழுக்க. பாய்க்குக் கீழ ஓடி, ஸ்டாண்டு கால் வரைக்கும் வந்திருந்துச்சு. என் கால் விரல் நடுவுல. என் கையில. நான் அந்தக் கையாலதான் குழாயைப் பிடிச்சிருந்தேன். மரகதம், மரகதம்னு கத்தினேன் தம்பி. அவ கண்ணு திறந்துதான் இருந்துச்சு. டேங்க் பக்கமாத்தான் திரும்பியிருந்துச்சு.

இருங்க. ஒரு நிமிஷம்.

எதிர்வீட்டுக்காரங்கதான் ஆட்டோ பிடிச்சாங்க. ஆஸ்பத்திரியில டாக்டர் கேக்கறார், எப்போ விழுந்தாங்க, ஏன் இவ்வளவு நேரம்னு. கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தீங்கன்னான்னு இழுக்கறார். எந்த டாக்டர்தான் அதைச் சொல்லாம இருக்கார்? மறுநாள் விடியறதுக்குள்ள போயிட்டா. சுகந்தி வந்து கேட்டா, அப்பா, அம்மா விழுந்ததுலேருந்து தூக்கற வரைக்கும் என்ன பண்ணிட்டிருந்தீங்கன்னு. டேங்குக்குத் தண்ணி விட்டுட்டிருந்தேன்னேன். எனக்குப் பொய் சொல்லத் தெரியாது. உள்ளதைச் சொன்னேன். என்னையே பார்த்தா. நேராப் போய் சுவிட்சுல இருந்த டேப்பை நகத்தால பிச்சுப் போட்டு டியூப்லைட்டைப் போட்டா. காரியம் நடக்கிற வீடு, நான் என்ன சொல்ல முடியும்? பகலும் ராத்திரியும் எரிஞ்சுது. அதுல நிறைய இறால் செத்துச்சு தம்பி. முட்டை சுமந்துக்கிட்டிருந்த அந்தத் தாயும் போச்சு. நான் யார்கிட்டச் சொல்லி அழறது? பொண்டாட்டி செத்த வீட்டுல இறாலுக்கு அழுதான்னு பேசுவாங்க.

உங்க பக்கத்துலயும் உண்டுல்ல, உசுர் போனவங்க கிடந்த இடத்துல விளக்கு ஏத்தி வைக்கிறது? கருமாதி வரைக்கும் அணையாமப் பார்த்துக்குவாங்க. அவ விழுந்தது இங்கங்கிறதால இங்கதான் வெச்சாங்க, ஸ்டாண்டுக்குப் பக்கத்துல, ஒரு படி அரிசி மேல. சுகந்திதான் எண்ணெய் விட்டுக்கிட்டே இருந்தா. கருமாதிக்கு முந்தின நாள் டியூப்லைட்டை ஒரு வழியா அணைக்கச் சொல்லிட்டேன், தலைவலிக்குதுன்னு சொல்லி. ஆனா அந்த விளக்கு வெளிச்சம் கண்ணாடியில விழுந்து ஆடிக்கிட்டே இருக்கு. ஆடற வெளிச்சம் நிலையான வெளிச்சத்தை விட மோசம். மிச்சமிருக்கிறதையாவது காப்பாத்தணும்ல? ஒரு அட்டைப்பெட்டியை வெட்டி, விளக்குக்கும் டேங்குக்கும் நடுவுல நிறுத்தினேன். விளக்கை அணைக்கல. நகர்த்தக் கூட இல்ல. மறைச்சேன், அவ்வளவுதான்.

சுகந்தி எண்ணெய்க் கிண்ணத்தோட வந்தா. அட்டையைப் பார்த்தா. அப்பா, எங்கம்மா கடைசி வரைக்கும் இந்த மீன்தொட்டி வெளிச்சத்துலதான் அரிசி பொறுக்கினாங்க, இப்ப அவங்களுக்குன்னு ஒரே ஒரு விளக்கு, அதையும் மறைச்சிட்டீங்களான்னா. என்ன பேச்சு பாருங்க. அவ அம்மா ஆசையா வந்து உட்கார்ந்தது அவளுக்கு எப்படித் தெரியும்? ஆவடியில இருக்கிறவ. கூட உட்கார்ந்திருந்தவன் நான். சொன்னா காதுல வாங்கிக்கவே இல்ல. கருமாதி முடிஞ்ச கையோட பேத்தியைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டா. அவ போனதும் முதல் வேலையா நான் புது டேப்பு வாங்கிட்டு வந்து ஒட்டினேன்.

நடுவுல ஒரு தடவை போன் பண்ணினா. சுத்தி வளைக்கல. அப்பா, அந்த டேப்பைப் பிச்சுட்டு ஹால்ல லைட்டைப் போட்டுட்டு எனக்குச் சொல்லுங்க, குழந்தையைக் கூட்டிட்டு வர்றேன், திவசத்தை நம்ம வீட்டுலயே பண்ணலாம்னா. இல்லன்னா ஆவடியிலயே பண்ணிக்கிறேன், நீங்க வர வேண்டாம்னா. ஒரு சுவிட்சுக்கு இவ்வளவு கோபமா? பெத்த அப்பனை விட ஒரு டேப்பு பெருசா? நீங்களே சொல்லுங்க தம்பி, அவ கேட்டது நியாயமா? சரி விடுங்க, வெளி ஆளு, நீங்க என்ன சொல்லுவீங்க.

மரகதம் இருந்திருந்தா சொல்லியிருப்பா, அவர் மனசுல ஒண்ணும் கிடையாதுடின்னு. அவளுக்கு என்னைத் தெரியும். இப்பவும் சாயங்காலம் லைட் வந்ததும் அந்தப் பலகையைப் போட்டு வைக்கிறேன். யாரு வந்து உட்காரப் போறா? இருந்தாலும் போடறேன். சோத்துல இப்ப கல்லு வர்றதில்ல. கடையில சுத்தம் பண்ணின அரிசியா வாங்கிக்கிறேன். ஆனா சாப்பிடவே பிடிக்கல தம்பி. வீடு ரொம்பச் சத்தமில்லாம இருக்கு.

இந்தாங்க, கவர்ல பிடிச்சுப் போட்டுட்டேன். நல்ல ஜாதி, நிறம் நிக்கும். வீட்டுக்குப் போனதும் நேரா உங்க தண்ணியில கொட்டிடாதீங்க, மெதுவாப் பழக்குங்க. லைட் இதே கம்பெனி, பேரை சலீம் சொல்லுவார். பட்டர் பேப்பர் ஒட்டிக்குங்க. அப்புறம் உங்க அம்மா. அவங்ககிட்ட முதல்லயே கண்டிப்பாச் சொல்லிடுங்க, நடுவுல எழுந்து லைட் போடக் கூடாதுன்னு. முதல்ல கஷ்டமா இருக்குன்னு சொல்லுவாங்க. பழகிடும். அவங்க கண்ணு எப்படி? கொஞ்சம் மங்கலா? அதெல்லாம் இந்த வயசுல எல்லாருக்கும் உள்ளதுதான்.

கேட்டீங்களா டக்குன்னு? டைமர். இன்னிக்கு அவ்வளவுதான், இனி காலையிலதான் வரும். ஐயோ, போன் லைட் வேணாம் தம்பி, அணைங்க, அணைங்க. இப்பத்தான் அடங்குதுங்க. நான் வழி சொல்றேன். எழுந்து இடது கையை சுவத்துல வைங்க. இடுப்பு உயரத்துக்கு. பிசுபிசுன்னு ஒரு கோடு மாதிரி கைக்குத் தெரியுதா? எண்ணெய்க்கறை. மரகதம் கை அது. சமையல்கட்டுலேருந்து படுக்கையறை வரைக்கும் போகும், எப்பவும் அதைப் பிடிச்சுக்கிட்டேதான் போவா, வருவா. வெள்ளையடிக்கிறவன் சோப்புப் போட்டுத் தேய்ச்சும் போகல. அதைத் தடவிக்கிட்டே போனீங்கன்னா படுக்கையறைக்கு அடுத்து வாசக்கதவு வந்துடும். மெதுவா. மெதுவா. நடுவுல கறை விட்டுப் போகும், அங்கதான் ஸ்டாண்டு நிக்குது, முனை கூர்மை. அந்த இடத்துல மட்டும் கையை எடுத்துட்டு விலகிப் போங்க. அன்னைக்கு மாத்தினப்ப அவ தூங்கிட்டிருந்தா, அவகிட்டச் சொல்லல. உங்ககிட்டச் சொல்லிட்டேன்ல, பார்த்துப் போங்க.